புயல் கூண்டின் கதை

ஐப்பசி பிறந்தால் போதும், செய்தியில் இந்த வரி வந்துவிடும்: நாகை துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. அடுத்த நாள் கடலூர், பாம்பன், எண்ணூர் என்று பெயர்கள் கூடும். எண்ணும் ஒன்றிலிருந்து மூன்று, ஐந்து என்று ஏறும்.

சின்ன வயதில் இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் புயலைப் பிடித்து அடைக்க ஏதோ கிளிக்கூண்டு மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்! உண்மையில் அது உயரமான கம்பத்தில் தொங்கவிடும் ஓர் அடையாளம். பகலில் கூம்பு, உருளை போன்ற வடிவங்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். தூரத்தில் இருக்கும் படகிலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. 1, 2 என்றால் புயல் தொலைவில் கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். இதற்கு மேல் 11 என்றும் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இந்தக் கூண்டை முதலில் ஏற்றியது யார்? அதற்கு முன்னால், புயல் வரப்போகிறது என்று சொல்ல முடியும் என்றே கண்டுபிடித்தது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பவர்கள் யாரும் வானிலைப் படிப்புப் படித்தவர்கள் இல்லை. ஒருவர் குதிரைச் சேணம் தைத்தவர். ஒருவர் ராணுவ இன்ஜினியர். ஒருவர் ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன். ஒருவர் கடற்படை அதிகாரி. இன்னொருவர் பாதிரியார். புயல் மேல் இருந்த பைத்தியம்தான் அவர்களுக்குப் பொதுவானது.

விழுந்த மரங்கள் சொன்ன சேதி

1821 செப்டம்பர் 3. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தை ஒரு பெரும் புயல் தாக்கியது. சில வாரங்கள் கழித்து வில்லியம் ரெட்ஃபீல்ட் என்பவர் தன் மகனோடு அந்த வழியாகப் பயணம் போனார். சேணம் தைக்கும் தொழில் கற்றவர். கல்லூரிப் பக்கமே போகாதவர். கிடைத்த புத்தகத்தை எல்லாம் படித்து அறிவை வளர்த்துக்கொண்டவர்.

வழியெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ரெட்ஃபீல்ட் மட்டும் அவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்தார். அவருடைய ஊர்ப்பக்கம் மரங்கள் வடமேற்கே தலை வைத்து விழுந்திருந்தன. மாசசூசெட்ஸ் பக்கம் போனால், அதே புயலில் விழுந்த மரங்கள் தென்கிழக்கே தலை வைத்துக் கிடந்தன. ஒரே புயல், நேர் எதிரான இரண்டு காற்றுகள். அப்படியானால் புயல் என்பது நேராக வீசும் பெருங்காற்று இல்லை. அது சுழன்றுகொண்டே நகர்கிற ஒரு பிரம்மாண்டமான பம்பரம்!

இதை அவர் உடனே எழுதிவிடவில்லை. பிழைப்புக்கு நீராவிப் படகுத் தொழில் பார்த்துக்கொண்டு, கிடைத்த கப்பல் குறிப்பேடுகளை எல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் படகுப் பயணத்தில் யேல் கல்லூரிப் பேராசிரியர் டெனிசன் ஓம்ஸ்டெட்டைச் சந்தித்தார். பேச்சு புயல் பக்கம் திரும்பியது. இதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று பேராசிரியர் ஊக்கப்படுத்த, 1831இல் கட்டுரை வெளிவந்தது. மரங்களைப் பார்த்து முழுதாகப் பத்து வருடம் கழித்து!

கட்டுரை வந்த பிறகு சண்டையும் வந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் எஸ்பி என்ற முன்னாள் பள்ளி ஆசிரியர், காற்று சுழலவே இல்லை என்றார். சூடான ஈரக்காற்று மேலே ஏறுகிறது. அங்கே குளிர்ந்து மழையாகும்போது வெளிவரும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. கீழே குறைகிற காற்றை ஈடுகட்ட நாலாபக்கத்திலிருந்தும் காற்று நடுமையத்தை நோக்கிப் பாய்கிறது. இதுதான் எஸ்பியின் வாதம். இருவரும் வருடக்கணக்கில் மாற்றி மாற்றி எழுதினார்கள். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. காற்று சுழல்கிறது, சுழன்றபடியே உள்ளேயும் பாய்கிறது. புயலுக்குச் சக்தி கொடுப்பது எஸ்பி சொன்ன அந்த வெப்பம்தான். புயலின் உருவத்தை ஒருவர் கண்டுபிடித்தார், எஞ்சினை இன்னொருவர் கண்டுபிடித்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கப்பல் குறிப்பேடுகள்

1831 ஆகஸ்டில் கரீபியன் பகுதியில் உள்ள பார்படோஸ் தீவைப் புயல் அழித்தது. ஆயிரக்கணக்கில் உயிர்ச்சேதம். இடிந்த அரசுக் கட்டிடங்களை மறுபடி கட்ட வில்லியம் ரீட் என்ற பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினியர் அனுப்பப்பட்டார். கட்டிடத்தைக் கட்டினால் போதுமா, இடித்தது என்ன என்று தெரிய வேண்டாமா? அந்த ஆர்வத்தில் தேடியவருக்கு ரெட்ஃபீல்டின் கட்டுரை கிடைத்தது. இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து தொடங்கியது.

ரீட் பிரிட்டிஷ் கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டினார். ஒரே புயலில் மாட்டிய பல கப்பல்கள், எந்த நேரத்தில் எங்கே இருந்தன, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார். வட்டம் வந்தது! வடகோளத்தில் சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிராகவும், தென்கோளத்தில் முள் போகும் திசையிலும் இருப்பதும் உறுதியானது. 1838இல் புத்தகமாக வெளியிட்டார். பின்னால் கவர்னராக பார்படோஸுக்கே திரும்பி வந்து, 1847இல் பாரோமீட்டர் இறங்கினால் துறைமுகத்தில் அடையாளம் காட்டும் ஏற்பாட்டைச் செய்தார்.

புயலுக்குப் பெயர் வைத்தவர்

ரீட்டின் புத்தகம் கல்கத்தா வரைக்கும் வந்தது. அங்கே ஹென்றி பிடிங்டன் என்பவர் கையில் சிக்கியது. வணிகக் கப்பல் கேப்டனாக இருந்து, கரையேறி, கல்கத்தாவிலேயே தங்கிவிட்ட ஆங்கிலேயர். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல் நீதிமன்றத்தின் தலைவராகவும் இருந்தார். ஒவ்வொரு விபத்து வழக்கிலும் அவர் மேசைக்கு ஒரு புயலின் வரலாறு வந்து சேர்ந்தது.

1839 முதல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வங்கக்கடல் புயல்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். ஒவ்வொரு கட்டுரைக்கும் கப்பல் கேப்டன்கள், துறைமுக அதிகாரிகள் எனப் பலரிடம் கேட்டு விவரம் வாங்கினார். இன்று நாலு பேர் நாலு ஊரிலிருந்து மழையளவு சொல்ல, ஒருவர் தொகுத்துப் போடுகிறாரே, கிட்டத்தட்ட அதே வேலைதான். ஒரே வித்தியாசம், பதில் வர மாதங்கள் ஆகும்!

புயல் சுழல்கிறது என்பதற்கு அவர் காட்டிய சாட்சிகளில் சுவாரஸ்யமானது ‘சார்லஸ் ஹெடில்’ என்ற சின்னக் கப்பல். 1845 பிப்ரவரியில் மொரிஷியஸ் அருகே புயலில் மாட்டிய அந்தக் கப்பல், காற்று தள்ளிய பக்கமே ஓடியது. குறிப்பேட்டை வைத்து அதன் பாதையை வரைந்து பார்த்தால், ஐந்து நாளில் ஐந்து முறை வட்டமடித்திருந்தது. செக்குமாடு மாதிரி!

1848இல் மாலுமிகளுக்காக ஒரு கையேடு எழுதினார் பிடிங்டன். அதில்தான் ‘சைக்ளோன்’ என்ற சொல் முதன்முதலில் வந்தது. பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. உலகமே இன்று பயன்படுத்தும் அந்தச் சொல் நம் வங்கக்கடல் கரையில் பிறந்தது.

கையேட்டோடு கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் இரண்டு அட்டைகளும் உண்டு. வடகோளத்துக்கு ஒன்று, தென்கோளத்துக்கு ஒன்று. அட்டையில் காற்றுத் திசைகள் வட்டமாக வரையப்பட்டிருக்கும். அதை வரைபடத்தின் மேல் வைத்து, தன் கப்பலுக்கு அடிக்கும் காற்றைப் பொருத்தினால் புயலின் மையம் எந்தப் பக்கம் என்று தெரியும். வடகோளத்தில் காற்றைப் பார்த்து நின்றால் மையம் வலப்பக்கம் இருக்கும். காற்று உள்நோக்கியும் பாய்வதால் இந்தக் கணக்கில் பிழை உண்டு என்று பின்னாளில் தெரிந்து திருத்தினார்கள். ஆனாலும் எந்தப் பக்கம் ஓடினால் பிழைக்கலாம் என்று மாலுமிக்குச் சொன்ன ஒரு கருவி அது.

கேட்காத துறைமுகம்

ஹூக்ளி ஆற்றில் மண் சேர்ந்துகொண்டே போனது. கல்கத்தாவுக்கு மாற்றாக, சுந்தரவனத்தின் ஓரம் மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பிடிங்டனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காற்றை விடக் கொடியது புயலோடு வரும் கடல் அலை என்பது அவருக்குத் தெரியும். 1789இல் கோதாவரி முகத்துவாரத்தில் இருந்த கோரிங்கா ஊரை அடுத்தடுத்து வந்த மூன்று அலைகள் அழித்த கதையைத் தேடி எழுதியவரே அவர்தான்.

1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒருநாள் புயலின் நடுவே உப்புநீர் மலை போல உருண்டு வரும், அந்தக் குடியிருப்பு முழுக்க 5 முதல் 15 அடி ஆழத் தண்ணீரில் மூழ்கும் என்று எச்சரித்தார். யாரும் பொருட்படுத்தவில்லை.

1858இல் பிடிங்டன் இறந்தார். துறைமுக வேலை நடந்தது. போர்ட் கானிங் என்று பெயரும் வைத்தார்கள். 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்த பிறகாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அடுத்த வருடமே போர்ட் கானிங்குக்காகக் கம்பெனி தொடங்கி பங்கு விற்றார்கள். பம்பாய் வரை அந்தப் பங்குக்கு ஏக கிராக்கி!

1867 நவம்பர் 1. புயல் வந்தது. 1864ஐப் போலப் பெரிய புயல் கூட இல்லை. சுமார் ஆறடி அலை. அதற்கே போர்ட் கானிங் சிதைந்தது. சில வருடங்களில் துறைமுகத்தைக் கைவிட்டார்கள். முன்கூட்டியே தெரியாததால் வந்த நஷ்டம் இல்லை இது. 14 வருடத்துக்கு முன்பே சொன்னவரைக் கேட்காததால் வந்த நஷ்டம்.

கூண்டு ஏறியது

இனி கூண்டுக்கு வருவோம். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். 1854இல் பிரிட்டனில் தொடங்கிய வானிலைத் துறைக்கு இவர் தலைவரானார். அந்தத் துறை இருந்தது வர்த்தக வாரியத்தின் கீழ். கடல் காற்றைப் பற்றிய புள்ளிவிவரம் சேர்ப்பது மட்டுமே அவருக்குக் கொடுத்த வேலை.

1859 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கத்தோடு வந்த ‘ராயல் சார்ட்டர்’ கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். வீடு வந்து சேரச் சில மணி நேரமே இருந்தது! பல ஊர்களின் பாரோமீட்டர் அளவைத் தந்தியில் உடனுக்குடன் வாங்கினால் இதை முன்பே சொல்லியிருக்கலாம் என்றார் ஃபிட்ஸ்ராய். காற்றை விட வேகமாகப் போவது தந்தி அல்லவா?

1861 பிப்ரவரியில் முதல் எச்சரிக்கை போனது. துறைமுகக் கம்பங்களில் கித்தான் துணியால் செய்த கூம்புகளும் உருளைகளும் ஏறின. கூம்பு மேல்நோக்கி இருந்தால் வடக்குக் காற்று, கீழ்நோக்கி இருந்தால் தெற்குக் காற்று. நம் நாகையில் ஏறும் கூண்டுக்கு முன்னோடி இதுதான். அதே வருடம் ஆகஸ்டில் செய்தித்தாளில் வானிலை முன்னறிவிப்பும் வெளிவரத் தொடங்கியது.

அப்புறம் என்ன? சொன்னது பலித்தால் யாருக்கும் நினைவில்லை. பலிக்காவிட்டால் கேலி. மீன்பிடிக் கப்பல் முதலாளிகளுக்கோ கோபம். கூண்டைப் பார்த்ததும் ஆட்கள் கடலுக்குப் போக மறுத்தால் அன்றைய வருமானம் போகுமே! விஞ்ஞானிகளும் இதற்கு ஆதாரம் போதாது என்றார்கள். கடனும் மனச்சோர்வும் சேர்ந்துகொள்ள, 1865 ஏப்ரல் 30 அன்று ஃபிட்ஸ்ராய் தற்கொலை செய்துகொண்டார்.

1866 டிசம்பரில் கூண்டு ஏற்றுவதையே நிறுத்தினார்கள். அப்போதுதான் அதன் அருமை தெரிந்தது. துறைமுகங்களிலிருந்து முறையீடுகள் குவிய, அடுத்த வருடமே மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று.

கணக்குப் பதிவியல் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எச்சரிக்கை பொய்த்தால் வரும் நஷ்டத்தை ரூபாய், அணா, பைசாவாக எழுதிவிடலாம். அதை எச்சரித்தவர் பெயரில் பற்று வைத்துவிடுவார்கள். எச்சரிக்கை பலித்து, கரையிலேயே இருந்து பிழைத்தவனை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது? அவன் சாதாரணமாக வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அந்த லாபத்துக்குக் கணக்கில் இடமே இல்லை!

இந்தியாவில் 1864 புயலின் அடி பலமாக இருந்ததால், 1865இல் கல்கத்தா துறைமுகத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. 1886க்குள் எல்லா இந்தியத் துறைமுகங்களுக்கும் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது.

அடைக்கப்பட்ட தந்தி

ஹவானா நகரின் பெலன் ஆய்வகத்துக்கு 1870இல் தலைவராக வந்தவர் பெனிட்டோ வின்யெஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார். அவர் வானத்தைப் பார்த்தே புயலைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார். உயரத்தில் விரிந்து போகும் மெல்லிய மேகங்கள் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகின்றனவோ, அந்தப் பக்கம்தான் மையம். கியூபாக்காரர்கள் அந்த மேகத்தைச் சேவல் வால் என்பார்கள். 1875 செப்டம்பர் 11 அன்று முதல் எச்சரிக்கையை வெளியிட்டார். இரண்டு நாளில் கியூபாவின் தென்கரையைப் புயல் தாக்கியது. 1893இல் அவர் இறக்கும் வரை கரீபியன் முழுக்க அவர் சொல்லுக்கு மரியாதை இருந்தது. அவருக்குப் பின் வந்தவர்களும் அந்தக் கலையைத் தொடர்ந்தார்கள்.

1898 போருக்குப் பிறகு கியூபா அமெரிக்காவின் பிடியில் வந்தது. அமெரிக்க வானிலைத் துறைத் தலைவர் வில்லிஸ் மூருக்குக் கியூபாக்காரர்கள் புயல் சொல்வது பிடிக்கவில்லை. சும்மா பீதி கிளப்புகிறார்கள் என்பது அவர் எண்ணம். 1900 ஆகஸ்ட் கடைசியில், அவர்களின் வானிலைச் செய்திகள் தந்தியில் போகாதபடி தடை வாங்கினார்.

அடுத்த சில நாளில் கியூபாவை ஒரு புயல் கடந்தது. அது வடக்கே திரும்பி ஃபுளோரிடா வழியாகப் போய்விடும் என்றது அமெரிக்கத் துறை. இல்லை, மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்து டெக்சாஸ் பக்கம் போகும் என்றார்கள் ஹவானாக்காரர்கள். அந்தச் சேதிக்கு டெக்சாஸ் போக வழியில்லை.

செப்டம்பர் 8 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் தீவு நகரத்தைப் புயல் அடித்தது. நகரத்தின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடிக்குள்தான். வந்த தண்ணீரோ 15 அடிக்கு மேல். சுமார் 8,000 பேர் இறந்ததாகக் கணக்கு. அமெரிக்க வரலாற்றில் இத்தனை உயிரைக் கொன்ற இயற்கைப் பேரழிவு வேறு இல்லை. அந்த ஊர் வானிலை அலுவலகத்தின் தலைவர் ஐசக் க்ளைனே, இந்த நகரத்தைப் பெரும்புயல் அழிக்கும் என்று பயப்படுவது வீண் என 1891இல் எழுதியிருந்தார். அந்தப் புயலில் அவர் தன் மனைவியைப் பறிகொடுத்தார்.

பதினொன்றாம் எண்

இன்று புயலைப் பார்க்கச் செயற்கைக்கோள் இருக்கிறது, ரேடார் இருக்கிறது, கம்ப்யூட்டர் மாடல்கள் இருக்கின்றன. மொட்டை மாடியில் மழைமானி வைத்து அளந்து, புயல் எங்கே கரை கடக்கும் என்று ராத்திரி பகலாக விவாதிக்கும் ஆர்வலர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள். சேணம் தைத்தவரும் பள்ளி ஆசிரியரும் போட்ட சண்டையின் தொடர்ச்சிதான் அது. அதிகாரபூர்வமான எச்சரிக்கையைச் சொல்வது வானிலைத் துறையின் வேலை. ஆனால் சொன்னதைக் கேட்டு, புரிந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்கும் சொல்லும் கூட்டம் ஒன்று இருந்தால்தான் அந்த எச்சரிக்கைக்கே மதிப்பு.

கடைசியாக, ஆரம்பத்தில் விட்ட அந்தப் பதினொன்றாம் எண். பத்தே பெரும் அபாயம் என்றால், அதற்கு மேல் என்ன இருக்க முடியும்? புயல் இன்னும் பலமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நடந்தது அதுதான். தொடர்பு அறுந்தது, சிக்னல் வேலை செய்யவில்லை. ஊரை நெருங்கிய ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கால்வெஸ்டனில் தந்தியை மனிதர்களே அடைத்தார்கள், போர்ட் கானிங்கில் காதை அடைத்துக்கொண்டார்கள். விளைவு ஒன்றுதான்.

அடுத்த முறை செய்தியில் கூண்டு ஏறும்போது எண் என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு நகராதீர்கள். அந்த எண்ணை நம் வீடு வரை கொண்டுவந்து சேர்க்க ஒரு சேணக்காரரும், ஒரு கேப்டனும், ஒரு பாதிரியாரும் பட்டபாடு இருக்கிறது. கேட்பது மட்டும்தான் நம் பங்கு.